தூண் வேண்டா, ஏடு வேண்டும்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து மடிந்த தமிழருக்கு நினைவுத்தூண் ஒன்று எழுப்ப வேண்டும் என்னும் யோசனை நம் சங்கத்து அன்பர் சிலரிடையே சில காலமாக உலவி வருகிறது. கருங்கல் தூண், உச்சியில் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணொருத்தியின் உருவம், அடியில் 'பெயரறியா உழைப்பாளர் நினைவாக' என்றொரு வரி, திறந்து வைக்க ஓர் அமைச்சர். நன்கொடைப் புத்தகம் அச்சிடுவது வரை பேச்சு வளர்ந்துவிட்டது. யோசனை கூறியோரின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. அவர்களுள் பலர் நம் நண்பர்கள். ஆயினும் அத்தூணை நாம் எதிர்க்கிறோம். காரணம் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. 'பெயரறியா' என்று கல்லில் வெட்டுவதற்கு முன், அறிய முயன்றவர் யார்? எப்போது முயன்றார்? யாரைக் கேட்டார்? முயலாமலே 'அறியோம்' என்று எழுதுவது கோப்பை மூடும் உத்தி. மேசைக்கு வந்த தாளில் 'விவரம் கிடைக்கப்பெறவில்லை' என்று எழுதிக் கட்டி வைக்கும் கலையில் நம்மைப் போன்ற எழுத்தர்க்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணன் தேவன் மலை என்றால் பலருக்கும் நினைவில் எழுவது தேயிலைப் பொட்டலம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளையர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து அம்மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1880-ஐ ஒட்டி அங்கே முதல் தேயிலை நடப்பட்டது. 1897-இல் கம்பெனி உருவாயிற்று. இவ்வளவும் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். காட்டை வெட்டிச் செடி நட்டவர்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிமார் முன்பணம் கொடுத்து அழைத்து வந்த குடும்பத்தார். அவர்களுள் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமையால் ஊரில் நிற்க நிலமின்றி ஏறி வந்தவர்கள். போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி வழியே, சுவர்போல் நிற்கும் அம்மலையில், தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நடந்தே ஏறினார்கள். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் சேர்ந்தன. அவ்விரு வட்டங்களுக்காக நம் மேடைகளில் இன்றும் கண்ணீர் வடிக்கப்படுகிறது. நில வரைபடத்துக்காக அழும் நமக்கு, அந்நிலத்துக்குள்ளே கிடப்பவர் நினைவு மட்டும் வருவதில்லை.

அவர்களுக்கு அங்கே ஒரு சென்று நிலமும் சொந்தமாக இருந்ததில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு பெற்றவர், வேலையில் இருக்கும் மகனோ மருமகளோ இருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். இல்லையேல் மலையிறங்க வேண்டும். இறங்கும்போது பாத்திரம் பண்டத்தை எடுத்துச் செல்லலாம். புதைத்த பிள்ளையை எடுத்துச் செல்ல இயலாது. தோட்டத்து இடுகாடுகள் பராமரிப்பின்றிப் போனதற்கு மூல காரணம் இதுதான். 'அவர்களுக்கே அக்கறையில்லை' என்று நம்மில் ஒருவர் கூறக் கேட்டோம். ஆண்டுக்கொரு முறை வந்து புல் செதுக்கவேண்டியவன் திருப்பூரில் பனியன் தைத்துக் கொண்டிருக்கிறான். அல்லது நம்மைப் போல வடக்கே எங்கோ ஒரு குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறான். அக்கறையின்மை என்ற சொல்லை இவ்வளவு எளிதாகச் செலவிடலாகாது.

விடுமுறைப் பயணச் சலுகையில் மூணாறு சென்று வராத மத்திய அரசு ஊழியர் நம்மில் அரியர். சென்றவர் அனைவரும் அங்குள்ள பழைய கல் தேவாலயத்தைக் கண்டிருப்பர். அதன் பின்னுள்ள குன்றில் எலனார் இசபெல் மே என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை இருக்கிறது. தோட்ட மேலாளராயிருந்த ஹென்றி நைட் என்பவரின் இளம் மனைவி. 1894 டிசம்பரில் காலராவில் இறந்தார். அக்குன்றின் அழகில் மயங்கி, 'நான் இறந்தால் இங்கே புதையுங்கள்' என்று அவர் கணவரிடம் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. முதலில் கல்லறை வந்து, பதினாறு ஆண்டு கழித்து 1910-இல் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கேட்போர் மனம் உருகும் கதை. நமக்கும் உருகியது. அப்பெண்மணியின் மீது நமக்கு என்ன குறை? ஆனால் காலரா துரைசானி ஒருவரை மட்டும் தேடி மலையேறி வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அதே ஓடைத் தண்ணீரைக் குடித்தவர்கள் லயத்திலும் இருந்தார்கள். அவர்களைப் புதைத்த குன்று எது என்று வழிகாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளையர் தம் இறந்தோரை எவ்வளவு கருத்தோடு பதிவு செய்தனர் என்பதைச் சொல்லாமல் விட்டால் நம் வாதம் நேர்மையற்றதாகிவிடும். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் சிவில் அதிகாரி சென்னை மாகாணக் கல்லறைகளின் எழுத்துகளைத் திரட்டி, 1905-இல் அரசாங்க அச்சகத்தின் வழியே பெரும் பட்டியலாக வெளியிட்டார். ஒவ்வொரு கல்லிலும் என்ன எழுதியிருக்கிறது, இறந்தவர் யார், என்ன பதவி என்று குறிப்புகள். 1976-இல் இங்கிலாந்தில் தெற்காசியக் கல்லறைகளுக்கான சங்கம் ஒன்று தோன்றி, இந்தியாவெங்குமுள்ள ஐரோப்பிய இடுகாடுகளை ஒவ்வொன்றாக ஏடுபடுத்தி வருகிறது. ஆண்டு முடித்துப் போனவன் பேரன், ஆறாயிரம் கல் தொலைவிலிருந்து, தன் பாட்டன் கிடக்கும் இடத்தை வரிசை எண்ணோடு சொல்கிறான். இதைக் கண்டு பொறாமை கொள்வதில் பயனில்லை, கற்றுக்கொள்வதே முறை. அவர்கள் தூணோடு நிற்கவில்லை, பட்டியல் எழுதினார்கள்.

எழுத்துள்ள கல்லைப் படித்து எழுதுவது எளிது, எழுத்தே இல்லாத மண்மேட்டில் எதைப் பதிவு செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே விடை கூற வேண்டும்.

சவப்பெட்டியின்றிப் புதைத்த குழி சில ஆண்டுகளில் உள்வாங்கும். மேலே மேடாகக் குவித்த மண் தாழ்ந்து, ஆள் நீளத்துக்கு ஒரு பள்ளமாகும். புல் மூடினாலும் அப்பள்ளம் அழிவதில்லை. நடுப்பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது, அல்லது மாலை இறங்கும்போது, நிழல் விழுந்து வரிசை வரிசையாகத் தெரியும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஓடையிலிருந்து பொறுக்கி வந்த உருட்டுக் கற்கள் இருக்கும். எழுத்தில்லாவிட்டாலும் அவை தாமே வந்து அங்கே நிற்கவில்லை. குரோட்டன் செடியோ செவ்வந்தியோ காட்டில் தானாக முளைப்பதில்லை; யாரோ நட்டது. வடக்கு தெற்காகக் கிடக்கும் குழி ஒரு செய்தி சொல்லும், கிழக்கு மேற்காகக் கிடப்பது வேறொன்று சொல்லும். நீளத்தை அளந்தால் பெரியவரா குழந்தையா என்பது விளங்கிவிடும். மூன்றடிக்கும் குறைவான பள்ளங்கள் ஒரே மூலையில் நெருங்கிக் கிடந்தால், அந்த லயத்தில் ஏதோ ஓர் ஆண்டு என்ன நடந்தது என்பதை விளக்க மருத்துவர் வேண்டியதில்லை.

இதற்கு வேண்டுவன நாடா, நூல்கயிறு, மர முளைகள், திசைகாட்டி, கோடிட்ட பேரேடு. கைப்பேசியே இன்று இருக்குமிடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் காட்டிவிடுகிறது. இடத்தைக் கயிற்றால் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழிக்கும் எண் கொடுத்து, நீளம், அகலம், திசை, கல், செடி என்று எழுதி வரவேண்டும். தோண்டுதல் கூடாது; அது இறந்தோர்க்கும் சட்டத்துக்கும் தவறு. கல்லை நேராக்குதல் கூடாது. சுண்ணாம்பு அடித்தல் கூடாது. நல்ல மனம் படைத்தோர் செய்யும் பெருங்கேடு ஒன்றுண்டு: 'சுத்தம் செய்கிறோம்' என்று புதரோடு கற்களையும் பிடுங்கி ஓரத்தில் அழகாக அடுக்கி வைப்பது. அதோடு அந்த இடுகாடு ஊமையாகிவிடும். தூண் நடுவதற்கு இடம் சமன்படுத்த இயந்திரத்தை ஏற்றினால் நிகழப்போவதும் அதுவே. நினைவுச் சின்னத்தின் அடித்தளத்துக்காக எத்தனை பேர் நசுங்குவர் என்பதை யோசனைக்காரர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எண்ணிட்ட பின் பெயர் தேட வேண்டும். பெயர் காகிதத்திலும் இருக்கிறது, வாயிலும் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைப் புரட்டினால் ஒன்பதாம் பிரிவு தோட்டங்களுக்கென்றே தனியாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்: தோட்டத்தில் நிகழும் பிறப்பு இறப்புகளைப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டியவர் தோட்டத்தின் மேற்பார்வையாளர். அடுத்த பிரிவோ, பிணங்களை அடக்கம் செய்யும் இடத்தின் பொறுப்பாளருக்கும் அறிவிக்கும் கடமையை விதிக்கிறது. ஆக, கடந்த அரை நூற்றாண்டில் அங்கே புதைந்தவர் எவரும் சட்டத்தின் கண்ணில் பெயரறியாதவர் அல்லர். அதற்கு முற்பட்டோர்க்குக் கோவில்களின் ஞானஸ்நான, அடக்க ஏடுகள் உண்டு. ஆள் பெயரைத் தினந்தோறும் எழுதிய செக்ரோல் உண்டு. கூலியைக் கணக்கிட மட்டும் பெயர் தவறாமல் எழுதப்பட்டது என்பதை மறந்துவிட வேண்டா. ஒரு நாள் செக்ரோலில் இருந்த பெயர் மறுநாள் இல்லையென்றால், அதற்கும் பொருளுண்டு.

வாய்மொழி இதனினும் பெரிய ஏடு; ஆனால் வேகமாகக் கரைந்து வருவது. ஒரு தோட்டத்தின் பெயரைக் குறிப்பிடாமல் சொல்கிறோம். உண்ணிச்செடி மண்டிய சரிவொன்றில் எண்பது கடந்த மூதாட்டி ஒருவர் கைத்தடியால் சுட்டிக்கொண்டே வந்தார்: 'இது எங்க மூத்தவன் அய்யா, ரெண்டு வயசுல போனான். அந்தா அந்த வெள்ளக் கல்லு, அது எங்க அத்தை. அதுக்கு அங்கிட்டு கெடக்கது கங்காணி வீட்டு ஆளு, பேரு நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது.' கால் மணி நேரத்தில் பதினோரு பேரைச் சொன்னார். கங்காணி வீட்டு ஆளின் பெயர் நாங்கள் பேருந்து ஏறும் வேளையில் நினைவுக்கு வந்து, பேரன் ஓடி வந்து சொல்லிவிட்டுப் போனான். இவர்களையா 'பெயரறியா உழைப்பாளர்' என்று கல்லில் வெட்டப் போகிறோம்? பெயரை அறியாதவர் நாம், அவருக்குத் தெரியும். தூணுக்கு நன்கொடை சேரும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அவரும் அச்சரிவுக்கே போய்விடக்கூடும்.

சொல்பவர் மாற்றிச் சொல்வர், ஒரே கல்லை இருவர் தம்முடையது என்பர் என்று அஞ்சுவோர் உளர். அப்படியானால் இரண்டையும் எழுதுக. யார் சொன்னார், எந்நாளில் சொன்னார், கண்டு சொன்னதா கேட்டுச் சொன்னதா என்று தனிப் பத்திகளில் எழுதுக. எத்தனையோ பொருளற்ற படிவங்களை நிரப்பிய கைகள் நம்முடையவை. ஒரு பொருளுள்ள படிவத்தை நிரப்புவதில் என்ன வருத்தம்?

பெயரற்றோர் என்று விட்டவரைத் தேடிக் கண்டடைவது இயலாததன்று என்பதற்கு வேறொரு சான்று காட்டுவோம். முதல் உலகப்போரில் இறந்தோர் அனைவரையும் வேறுபாடின்றி நினைவுகூர்வதென்று 1917-இல் தோன்றியது போர்க் கல்லறை ஆணையம். தில்லிப் பாசறைப் பகுதியில் அது பராமரிக்கும் கல்லறைத் தோட்டத்தைக் கண்ட அன்பர்கள் அதன் ஒழுங்கை வியந்திருப்பர். அவ்வாணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது: இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர், குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயரால் நினைவுகூரப்படவே இல்லை. பொதுவான நினைவுச் சின்னங்கள் பல எழுப்பப்பட்டிருந்தன, பெயர்கள்தாம் இல்லை. நூறாண்டு கழித்து, பொதுச் சின்னம் போதாது, பெயர் வேண்டும் என்று பேரரசின் அமைப்பொன்றே உணர்ந்திருக்கிறது. நாமோ அது செய்த பிழையைப் புதிதாகத் தொடங்க நன்கொடை திரட்டுகிறோம்.

'சுடுகாட்டுக்கும் இலக்கிய மலருக்கும் என்ன தொடர்பு?' இக்கேள்வியைக் கேட்டவர் சங்கத்தில் ஆண்டுதோறும் நடுகல் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுபவர். தொல்காப்பியம் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை நடுகல்லுக்குத் துறை வகுத்தது என்று அவர்தாம் நமக்குக் கற்பித்தார். 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரும் ஊரும் அக்கல்லில் உள்ளன. அதே தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து மலையேறி, நம் பாட்டன் காலத்தில் மாண்டவருக்குப் பெயரில்லை. மூணாற்றிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் மறையூரின் முனியறைகளைப் பாருங்கள்: பெருங்கற்காலத்தார் தம் இறந்தோர்க்கு அமைத்த கல்லறைகள், அவற்றைப் பற்றிக் கட்டுரைகளும் உண்டு, வழிகாட்டிப் பலகைகளும் உண்டு. இரவிகுளத்தில் வரையாடுகளை ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆடும் பூவும் எண்ணப்படுவதில் நமக்கு மகிழ்ச்சியே. அடுத்து மனிதரை எண்ணலாம் அல்லவா?

உண்மையான தயக்கம் எங்கே இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவோம். அங்கே கிடப்பவர்கள் 'நம்மவர்' தாமா என்ற ஐயம் சிலர் உள்ளத்தில் இருக்கிறது. தேர்வெழுதி, நியமன ஆணையோடு, இரயிலேறி வடக்கே வந்தவரின் வரலாறு புலம்பெயர்ந்தோர் வரலாறு. கங்காணியிடம் கைநாட்டு வைத்து மலையேறியவரின் வரலாறு வேறேதோ என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டுக்குச் சாதி என்று பெயர். தூண் அந்தக் கோட்டைத் தாண்டாமல் தப்பிக்க உதவும்: தூணில் சாதியுமில்லை, பெயருமில்லை, ஊருமில்லை. ஏட்டில் எல்லாம் வந்துவிடும். யார் யாரை எங்கே புதைக்க விட்டார்கள், எவரை ஓடைக்கு அப்பால் தள்ளினார்கள் என்பதும் கயிற்றுக் கட்டங்களில் விழுந்துவிடும். விழட்டும்.

இது இறந்தோரைப் பற்றிய மனவருத்தம் மட்டுமன்று. பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் வெளியாயிற்று. புலம்பெயர்ந்த குடும்பம் சாதிச் சான்றிதழ் கேட்டால், அந்நாளில் உன் பாட்டன் எந்த மாநிலத்தில் குடியிருந்தான், காட்டு என்கிறார்கள். வடநாட்டில் வாழும் நம் அன்பர் பலரும் இந்த வாயிலில் நின்றவர்கள்தாம். தோட்டத் தொழிலாளியின் பேத்தி எதைக் காட்டுவாள்? பட்டா இல்லை, வீட்டு வரி ரசீது இல்லை, லயம் தோட்டத்தின் பெயரில் இருக்கிறது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் தலைப்புகளில் குடிநீர், மருத்துவம், பிள்ளைக் காப்பகம், வீடு எல்லாம் இருந்தன, இடுகாடு இல்லை. அவளுடைய பாட்டனார் அம்மலைக்கு எழுதிக்கொடுத்த ஒரே பத்திரம் அவர் உடம்பு. ஆறடிப் பள்ளம் ஒன்றை அடக்க ஏட்டின் ஒரு வரியோடு இணைத்துக் காட்ட முடிந்தால் கல்லூரியில் ஓர் இடம் கிடைக்கலாம். அலுவலர் உடனே ஏற்றுக்கொள்வார் என்று நாம் சொல்லவில்லை. அலுவலர்களை நாம் அறிவோம். ஆனால் மனுவோடு வைக்க ஒரு தாளாவது வேண்டுமே. தூணின் நிழற்படத்தை எந்த வட்டாட்சியர் ஏற்பார்?

1924 ஜூலை வெள்ளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிற்றிரயில் அழிந்தது. இன்றும் அந்த இரயிலைப் பற்றிப் பேசாதவர் இல்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது உயிர்கள் போயின; நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. கிடைத்தோரை இராஜமலையில் புதைத்தார்கள். அவர்களுடைய பெயர்கள் நாளேடுகளில் வந்தன, வயது வந்தது, உறவு வந்தது. இரண்டு மழைக்கும் இடையே மாறியது மழையன்று, மலையன்று, கூலியின் வீடும் பெரிதாக அன்று. எழுதிக்கொள்ள ஆள் இருந்தார்கள், அவ்வளவே.

வரும் பொதுக்குழுவில் நாம் கொண்டுவர இருக்கும் தீர்மானம் சிறியது. தூணுக்கென்று இதுவரை சேர்ந்த தொகையை முதல் ஆண்டு ஒரு தோட்டத்து இடுகாட்டை ஏடுபடுத்தச் செலவிடுதல். தோட்ட நிருவாகத்திடமும் ஊராட்சியிடமும் முன்னரே எழுத்தால் இசைவு பெறுதல். முடிந்த ஏட்டின் படிகளை அத்தோட்டத்துப் படிப்பகத்திலும், அங்குள்ள கோவில்களிலும், நம் நூலகத்திலும் வைத்தல். பிழைத்திருத்தம் செய்ய ஓரத்தில் இடம் விட்டே அச்சிட வேண்டும். பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். பாட்டன் பாட்டி மலையில் இருந்தவர்கள் என்று தெரிந்தும் இதுவரை வெளியே சொல்லாத குடும்பங்கள் இந்நகரில் உள்ளன. ஞானஸ்நானச் சீட்டு, பழைய கடிதம், மங்கிய நிழற்படம், எதுவாயினும் சங்க அலுவலகத்தில் ஞாயிறு காலைகளில் காட்டிப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை உடனே திரும்பப் பெறலாம். சாதியோ மதமோ எவரும் கேட்கமாட்டார்கள். ஊரும் தோட்டமும் மட்டும் கேட்போம்.

ஜூனில் மழை பிடித்துவிட்டால் சரிவில் நிற்க முடியாது. நவம்பர் வரை புல் ஆளுயரம் இருக்கும். பிப்ரவரியே தக்க காலம்: பனி விலகியிருக்கும், புல் காய்ந்திருக்கும், காலை வெயில் நன்றாகச் சாய்ந்து விழும். பத்து நாள் ஈட்டிய விடுப்பு எடுக்கக்கூடியவர் அறுவர் வேண்டும். அவருள் இருவரேனும் பெண்களாயிருத்தல் நன்று, லயத்து மூதாட்டியர் மனம் விட்டுப் பேசுவர். திசைகாட்டியும் நூறடி நாடாவும் நம்மிடம் உள்ளன. அரிவாள் அங்கேயே கிடைக்கும்.